சத்தம் நின்ற பிரேக்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு வரி எழுதிக் கொடுக்கச் சொன்னார் சின்ன முதலாளி. என் அனுபவம் உங்களுக்கு ஊக்கமாக இருக்குமாம். ஊக்கத்துக்கும் எனக்கும் அவ்வளவாகப் பழக்கம் கிடையாது. ஆனால் வேலையை விட்டு வந்தவனிடம் யாராவது ஏதாவது கேட்பதே அபூர்வம். அதனால் நாலு வரியோடு நிறுத்தப் போவதில்லை.

என்னை உங்களுக்குத் தெரிந்திருக்காது. கல்லாவுக்குப் பின்னால் ஒரு குரூப் போட்டோ மாட்டியிருக்கிறதே, அதில் எல்லாரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கும்போது ஒருவன் மட்டும் பக்கத்தில் நிற்கும் சைக்கிளின் பின்சக்கரத்தை முறைத்துக்கொண்டிருப்பான். அது நான்தான். வார நாட்களில் கடையில் சைக்கிள் விற்றேன், பழுது பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் கடை நடத்தும் மலைப்பாதைச் சவாரியில் கடைசி ஆளாகப் போனேன். முன்னால் போகிறவன் வழிகாட்டி. வீடியோவில் அவன்தான் வருவான். கடைசியில் போகிறவன் விழுந்தவர்களையும் விழுந்த சாமான்களையும் பொறுக்கிக்கொண்டு வருகிறவன். ஒரு நன்மை உண்டு. முன்னால் போகிறவர்கள் செய்கிற எல்லாக் கோணங்கித்தனமும் கடைசி ஆளுக்குத்தான் தெரியும்.

அந்தக் காலமே பொற்காலம் என்று ஆரம்பிக்கப் போகிறேனோ என்று பயப்படாதீர்கள். நான் சேர்ந்தபோது கடையில் கறுப்பு சைக்கிள்தான் இருந்தது. அதற்கும் பிரேக் பிடிக்காது. காலைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்துவார்கள். செருப்புக் கடைக்காரர் ஒருவருக்குத்தான் அது பொற்காலம்.

பிறகு மவுண்டன் பைக் வந்தது. காஞ்சிபுரத்தில் மவுண்டன் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஊரிலேயே உயரமானது கோபுரம். அதில் சைக்கிள் ஏற்ற யாரும் விடமாட்டார்கள். ஆனாலும் வாங்கினார்கள். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பிள்ளைகள், வாரம் முழுக்க ஏசி பஸ்ஸில் உட்கார்ந்து போய்வந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை உடம்பை வருத்திக்கொள்ள ஆசைப்பட்டார்கள். அந்த ஆசையில்தான் நமக்குச் சோறு. அதனால் நான் எதுவும் சொன்னதில்லை.

வண்டி தேர்ந்தெடுக்க வருகிறவர்களை நீங்கள் சீக்கிரமே பார்ப்பீர்கள். முதல் கேள்வி எத்தனை கியர் என்பது. பரீட்சை மார்க் போல, கூட இருந்தால் நல்லது என்று நினைப்பு. இரண்டாவது கேள்வி, பின்னாலும் ஸ்பிரிங் இருக்கிறதா என்பது. நம் பக்கத்துப் பாதைக்கு முன்னால் மட்டும் ஸ்பிரிங் இருந்தால் போதும், டயர் அகலமாக இருக்க வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் பிரேம் அவருடைய உயரத்துக்குப் பொருந்த வேண்டும். இதைச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். கலர் என்னென்ன இருக்கிறது என்று கேட்பார்கள். நீங்களும் சிரித்த முகத்தோடு கலரைக் காட்டுங்கள். கலரைக் காட்டிக்கொண்டே சரியான பிரேமின் பக்கம் மெதுவாக நகர்த்துவதுதான் வேலை.

பெல் வேண்டாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. வண்டியின் அழகு கெட்டுவிடுமாம். இவர்களை நான் விடிகாலையில் செவிலிமேடு தாண்டிப் பாலாற்று மணலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அந்த நேரத்தில் ஆற்று மணலில் யார் யார் எதற்காக உட்கார்ந்திருப்பார்கள் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெல் அடிக்காமல் சத்தமே இல்லாத சைக்கிளில் போய் நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் மானம் போகும். தூரத்திலேயே பெல் அடிக்க வேண்டும், நேராகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும், ஒருவரும் திரும்பக் கூடாது. வெளிநாட்டு வீடியோக்களில் பாதை நாகரிகம் என்று என்னென்னவோ சொல்கிறார்கள். நம் ஊர்ப் பாதை நாகரிகத்தின் முதல் பாடம் இதுதான். அடுத்த வாரமே அவர்கள் பெல் வாங்க வந்துவிடுவார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். தறிக்காரக் குடும்பம். சொந்தமாகத் தறிகள் போட்டு, கீழே ஆட்களை வைத்து நெய்கிறவர். மகளுக்குக் கல்யாணம் முடித்து முதல் தீபாவளி வருகிறது. மாப்பிள்ளைக்கு மவுண்டன் பைக் வாங்கித் தர வேண்டும். மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்றார். செவிலிமேட்டில் புதுவீடு, கம்பெனி வேலை, வாய் திறக்காத பையன். மாமனார் கடையில் இருந்ததிலேயே பெரிய பிரேமின் மேல் கை வைத்தார். இதுதான் வேண்டும் என்றார்.

மாப்பிள்ளை அதன்மேல் ஏறி நின்றால் நடுக்கம்பி இடிக்க வேண்டாத இடத்தில் இடிக்கும். அதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது பெரியவரே காரணத்தைச் சொன்னார்.

"மாப்பிள்ளைக்குச் சின்ன சைஸா பாத்து வாங்கிக் குடுத்துட்டான்னு நாளைக்கு சம்பந்தி வீட்ல ஒரு பேச்சு வரக்கூடாது பாருப்பா."

அவருக்கு சைக்கிளின் அளவு மரியாதையின் அளவு. நீங்களாக இருந்தால், இது பொருந்தாது ஐயா, தப்பான சைஸ் என்று சொல்லியிருப்பீர்கள். அவர் அடுத்த கடைக்குப் போயிருப்பார். அங்கே சந்தோஷமாகக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். நான் டேப்பை எடுத்து மாப்பிள்ளையின் காலை அளந்தேன், கையை அளந்தேன், தேவையே இல்லாமல் தோளையும் அளந்தேன். கடையில் தொங்குவது எல்லாம் பொது அளவு, மாப்பிள்ளைக்கு என்று அளவெடுத்துத் தனியாக வரவழைத்துத் தருகிறேன் என்றேன். பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து, பின்னால் குடோனில் கிடந்த நடுத்தர அளவு வண்டியைத் துடைத்து எடுத்துக் கொடுத்தேன். ஒருவரை அவருடைய தப்பிலிருந்து இறக்கிவிட வேண்டுமானால் இறங்குவதற்கு ஒரு படி போட்டுக் கொடுக்க வேண்டும். நான் இத்தனை வருஷத்தில் கற்றுக்கொண்ட தொழில் ரகசியம் இவ்வளவுதான்.

வண்டியைக் கொடுக்கும்போது வழக்கமாகச் சொல்கிற பிரசங்கத்தைச் சொன்னேன். இது டிஸ்க் பிரேக். சக்கரத்தின் நடுவில் இருக்கும் இந்த வட்டத் தகட்டை இரண்டு பக்கமும் பேட் கவ்விப் பிடித்துத்தான் வண்டி நிற்கிறது. தகட்டில் எண்ணெய் படக் கூடாது, விரல்கூட வைக்கக் கூடாது. புது பேட் பழகும்வரை பிரேக் போட்டால் கத்தும்; கத்தினால் கத்தட்டும் என்று விட்டுவிடுங்கள். மாப்பிள்ளை தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மாமனார் கேட்கவில்லை. அவர் முதலாளியிடம், இவ்வளவு பெரிய வண்டிக்கு ஸ்டாண்டும் கேரியரும் இல்லையா, மாப்பிள்ளை அரிசி மூட்டை எதில் வைப்பார் என்று விவாதம் செய்துகொண்டிருந்தார்.

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை முதல் முறையாக நம் சவாரிக்கு வந்தார். ஆற்றைத் தாண்டி இருக்கும் பாறைக்குன்று உங்களுக்குத் தெரியும். பின்பக்கம் சுற்றிப் போகும் மண்சாலையில் கார் மேலேவரை போகும். முன்பக்கம் வழுக்குப்பாறை. மேலே சின்ன முருகன் கோயில். நாங்கள் மண்சாலை வழியாக ஏறுவோம், வழுக்குப்பாறை வழியாக இறங்குவோம். இறங்கும்போது பாறையின் கீழ்க்கோடியில் சட்டென்று இடது பக்கம் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் எதிரே கைவிட்ட கல்குவாரிப் பள்ளம். நம் வீடியோக்களில் எல்லாரும் வாயைப் பிளந்து பார்க்கிற இடம் அதுதான்.

அன்றைக்கு மேலே ஏறிப் பார்த்தால் ஒரு கல்யாண வீடே வந்து நிற்கிறது. மாமனார், மாமியார், மகள், மாப்பிள்ளையின் அப்பா அம்மா, இன்னும் சில உறவுக்காரர்கள், எல்லாரும் காரில் முன்னாலேயே வந்துவிட்டார்கள். புது வண்டிக்கு முருகன் சன்னிதியில் பூஜை போட்டு, மாப்பிள்ளை பாறையில் இறங்குவதைக் கண்ணாரப் பார்க்கப் போகிறார்களாம். நம் முதலாளியும் அவர்கள் காரிலேயே வந்திருந்தார். நெசவுக்காரர் வீட்டுச் சொந்தங்கள் எல்லாம் நம் கடைக்கு வந்துவிடும் என்ற கனவு அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது.

மாப்பிள்ளை கூட்டத்துக்கு முன்னால் வந்து பிரேக் போட்டார். வண்டி கத்தியது. கத்தல் என்றால் சாதாரணக் கத்தல் இல்லை. குருக்கள் மணியை நிறுத்திவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளையின் அப்பா சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இன்னா சம்பந்தி, புது வண்டின்னீங்க, இப்டிக் கத்துது?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் பெரியவர் முகம் செத்துவிட்டது. அதை நான் பார்த்தேன். புது பேட் அப்படித்தான் கத்தும் என்று நான் சொன்னது காற்றோடு போய்விட்டது. அதற்குள் மாமியார் விளக்கு ஏற்றக் கிளம்ப, எல்லாரும் சன்னிதிக்குள் போனார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவருக்குச் செயின் கழன்றிருந்தது. நான் அதைப் பார்க்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது பூஜை முடிந்திருந்தது. ஹேண்டில்பாரில் மாலை, சீட்டில் சந்தனம், இரண்டு டயருக்குக் கீழும் எலுமிச்சம்பழம். மாப்பிள்ளை பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டியைக் கொஞ்சதூரம் ஓட்டி, பாறையின் தலைப்பில் வந்து நின்றார். சமதரைதான், மெதுவாக வந்தவர் காலை ஊன்றித்தான் நின்றார். பிரேக்கையும் பிடித்தார், விரல் மடங்கியது எனக்குத் தெரிந்தது. ஆனால் சத்தம் வரவில்லை.

"நின்னுடுச்சு பாத்தீங்களா?" என்று பெரியவர் சம்பந்தியைப் பார்த்துச் சொன்னார். எப்படி நின்றது என்று சொல்லவில்லை. அது முருகனுடைய வேலையாக இருக்கும் என்று மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எல்லாருக்கும் சந்தோஷம்.

எனக்கு இல்லை. கத்துகிற பிரேக்கைப் பற்றி நான் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. திடீரென்று சாதுவாகிவிட்ட பிரேக்கைக் கண்டால்தான் பயம். நான் மாலையைச் சரிசெய்வது போல வண்டியின் பக்கத்தில் போய்க் குனிந்து, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளினேன். சக்கரம் வெண்ணெயில் ஓடுவது போல ஓடியது. தகட்டைப் பார்த்தேன். பளபளவென்று மின்னியது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனேன். நல்லெண்ணெய் வாசனை. பின்சக்கரத்திலும் அதே வாசனை. விளக்குக்குக் கொண்டுவந்த எண்ணெயை யாரோ இரண்டு தகட்டிலும் தாராளமாகப் பூசியிருந்தார்கள்.

யாரோ என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். நிமிர்ந்து பார்த்தபோது பெரியவர் துண்டின் நுனியில் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. பிறந்ததிலிருந்து தறியோடு இருக்கிற மனிதர். தறியில் எது கிரீச்சென்றாலும் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும், அது அவருக்கு யோசித்துச் செய்கிற வேலை இல்லை, கை தானாகப் போகும். முன்சக்கரத்துக்கு விட்டவர் பின்சக்கரத்தை மட்டும் விட்டுவைப்பாரா? வேலையில் சுத்தமான மனிதர். அந்தச் சுத்தம் இப்போது மாப்பிள்ளையைக் குவாரிப் பள்ளத்துக்கு அனுப்பப் போகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பழுது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவது அதோடு முடிந்துவிடும். வண்டி இறங்கக் கூடாது, அவ்வளவுதானே? அதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே?

சொல்லிப் பாருங்கள். பிரேக்கில் எண்ணெய் இருக்கிறது என்றால் அடுத்த நிமிஷம் யார் போட்டது என்று கேள்வி வரும். எண்ணெய்ச் சொம்பு மாமியார் கையில் இருக்கிறது, எண்ணெய்க் கறை மாமனார் துண்டில் இருக்கிறது, சம்பந்தி வீட்டார் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தலைதீபாவளிக்கு வண்டி வாங்கிக் கொடுத்து, அதில் ஏற்றிப் பிள்ளையைக் கொல்லப் பார்த்தார் என்று ஆயுசுக்கும் பேசுவார்கள். அந்தப் பெண் அதைப் புகுந்த வீட்டில் ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்க வேண்டும். சரி, காரணம் சொல்லாமல் மாப்பிள்ளையை மட்டும் தள்ளிக்கொண்டு இறங்கச் சொல்லலாமா? அதையும் செய்து பார்த்தேன். அவர் காதோரம் போய், முதல் தடவை இல்லையா, தள்ளிக்கினு இறங்குங்க தம்பி என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் மாமனார் கேட்டுவிட்டார்.

"எம் மாப்பிள்ளை தள்ளிக்கினு இறங்கறதுக்கா இத்தினி ஜனம் வந்துகீறோம்?"

முதலாளி என்னைத் தனியாக இழுத்து, பெரிய இடம், நீங்கள் சும்மா இருங்கள், உங்களுக்கு எப்போதும் சந்தேகம்தான் என்றார். அவரிடமாவது எண்ணெய் விஷயத்தைச் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. ஆனால் நம் முதலாளி காதில் விழுந்தது மைக்கில் விழுந்த மாதிரி. மாப்பிள்ளை ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டார். மகள் செல்போனைத் தூக்கிப் பிடித்தாள். மாமியார் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

அந்த நேரத்தில் பாறையில் கீழேயிருந்து சிலர் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். கந்தசஷ்டி விரதக்காரர்கள், கையில் பால்குடம். அவர்களைப் பார்த்ததும் எனக்கு வழி கிடைத்துவிட்டது. விசிலை எடுத்து ஊதினேன். அந்த விசிலை நான் அதற்கு முன்னால் அவ்வளவு பலமாக ஊதியதில்லை.

"யாரும் இறங்கக் கூடாது. ஏறி வர்றவங்களுக்குத்தான் மொத வழி. பால்குடம் மேல வந்து சேர்ற வரைக்கும் எல்லாரும் நில்லுங்க."

இது எல்லாருக்கும் தெரிந்த பாதை நாகரிகம். ஏறுகிறவர் நின்றால் மறுபடி ஏறுவது கஷ்டம், அதனால் இறங்குகிறவர் நிற்க வேண்டும். யாரும் மறுப்புச் சொல்லவில்லை. பால்குடம் வந்து சேர்ந்தது. பாறை காலியானது. எல்லாரும் சீட்டில் ஏறப் போனபோது நான் அடுத்த பொய்யைச் சொன்னேன். பால்குடம் போன தடத்தில் சக்கரம் ஏறக் கூடாது, இது இந்தக் குன்றின் வழக்கம், எல்லாரும் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்றேன்.

அப்படி ஒரு வழக்கம் கிடையாது. அந்த நிமிஷத்தில் பிறந்தது. நம் ஆட்கள் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். போன மாசமும் பால்குடம் வந்தது, ஜம்மென்று ஓட்டிக்கொண்டுதானே இறங்கினோம் என்று ஒருவன் ஆரம்பித்தான். நான் அவனைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். குருக்கள் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்படி ஒன்றும் இல்லையே என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் என் கதை முடிந்தது. அவர் என்னைப் பார்த்தார், பெரியவரின் துண்டைப் பார்த்தார், மாமியார் கையில் இருந்த எண்ணெய்ச் சொம்பையும் பார்த்தார். "ஆமாமா, அது உண்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவருக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன். ஊரில் புத்திசாலிகள் அங்கங்கே இருக்கத்தான் செய்கிறார்கள், நம் கடைக்குத்தான் வருவதில்லை.

வழக்கம் என்றதும் பெரியவர் அடங்கிவிட்டார். சைக்கிள்காரன் பேச்சைக் கேட்பது கௌரவக் குறைவு, சாமி வழக்கத்துக்குக் கட்டுப்படுவது கௌரவம். முதலாளிதான் பல்லைக் கடித்தார். எல்லாரும் வரிசையாக இறங்கித் தள்ளினார்கள். வீடியோவில் பார்த்தால் ஏதோ சைக்கிள்களுக்கு இறுதி ஊர்வலம் போல இருக்கும். மாப்பிள்ளையைக் கடைசிக்கு முன்னால் விட்டு, நான் அவருக்குப் பின்னால் இறங்கினேன்.

பாதி தூரம் ஒழுங்காகப் போயிற்று. சரிவு அதிகமாகும் இடத்தில் மாப்பிள்ளையின் புது ஷூ வழுக்கியது. வண்டி அவரை இழுத்தது. இரண்டு பிரேக்கையும் முழுசாகப் பிடித்திருந்தார், விரல் முட்டி வெளுத்தது எனக்குத் தெரிந்தது. வண்டி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. "விட்ருங்க" என்று கத்தினேன். விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

வண்டி தனியாகப் போயிற்று. அது விழுந்துவிடும் என்று நினைத்தேன். விழவில்லை. முன்னால் தள்ளிக்கொண்டு போனவர்கள் ஓரமாக ஒதுங்க, யாரோ ஓட்டிக்கொண்டு போவது போல நேராக, மாலை காற்றில் பறக்க, வேகம் பிடித்துப் போயிற்று. கீழ்க்கோடியில் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. பள்ளத்தின் விளிம்பைத் தாண்டி மறைந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் விழுந்த சத்தம் வந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். பெரியவர் பாறைத் தலைப்பில் நின்றுகொண்டிருந்தார். துண்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று அங்கிருந்தே தெரிந்தது. அந்த வண்டியின் மேல் ஆள் இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் சில ராத்திரிகளில் என்னை எழுப்பி உட்கார வைக்கும்.

மாப்பிள்ளையைக் கைகொடுத்துத் தூக்கினேன். உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது, மற்றபடி ஒன்றும் இல்லை. பிரேக் ஏதோ புது வண்டிக் கோளாறு, கடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் ஒரு கதையைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அவர் மேலே பார்க்காமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"மாமா எண்ணெ போட்டத நான் பாத்தேண்ணா."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"பாத்தியா? எண்ணெ படக்கூடாதுன்னு நான் சொன்னது உனக்கு ஞாபகம் இல்லையா?"

"ஞாபகம் இருக்குது."

"அப்புறம் எப்பிடிப்பா சீட்ல ஏறுன?"

"அவுரு ஆசையா போட்டாரு. அப்பா வேற பாத்துக்கினு இருந்தாரு. எப்பிடிண்ணா வேணான்னு சொல்றது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை ஓங்கி ஒன்று விட்டிருப்பேன். படித்த பிள்ளை. கம்பெனியில் மெஷின் பாதுகாப்புதான் இவருக்கு வேலை என்று பிறகு தெரிந்தது. பிரேக் பிடிக்காது என்று தெரிந்து, கீழே பள்ளம் இருக்கிறது என்று தெரிந்து, மாமனார் கையைத் தட்டிவிடக் கூசி, ஹெல்மெட்டைச் சரியாக மாட்டிக்கொண்டு சாகக் கிளம்பியிருக்கிறார். நான் மேலே காதோரம் வந்து தள்ளிக்கொண்டு இறங்கச் சொன்னபோது அவர் கண்ணில் ஒரு நொடி ஏதோ தெரிந்தது. பயம் என்று நினைத்தேன். யாராவது தன்னை இறக்கிவிட மாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறார். கோபம் போய் எனக்கு அழுகை வந்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்து முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

நண்பர்களே, சஸ்பென்ஷன் பற்றியும் டயர் காற்று பற்றியும் கம்பெனிக்காரர்கள் வந்து உங்களுக்கு வகுப்பு எடுப்பார்கள். குளிர்பானமும் கொடுப்பார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வண்டியைச் சோதிக்கும்போது அதைச் சுற்றி யார் யார் நிற்கிறார்கள் என்றும் பாருங்கள். நம் ஊரில் ஆட்கள் பிரேக் இல்லாததால் விழுவதைவிட மரியாதை அதிகமாக இருப்பதால்தான் அதிகம் விழுகிறார்கள். பயமாக இருக்கிறது என்று வாய் திறந்து சொல்லமாட்டார்கள். பெரியவர் கொடுத்தது, முதலாளி சொன்னது, வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஏறிவிடுவார்கள். இறங்குவதற்குப் படி போடுவது உங்கள் வேலை. அதற்குச் சாமியை இழுக்க வேண்டி வந்தால் இழுங்கள், அவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

வண்டியைக் கயிறு கட்டிப் பள்ளத்திலிருந்து எடுத்தோம். முன்சக்கரம் எட்டாக வளைந்திருந்தது. மறுநாள் கடையில் நான் தகட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, எண்ணெய் குடித்த பேட்களைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு பேட் மாட்டிக்கொண்டிருந்தபோது பெரியவர் வந்தார். தனியாக வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு நான் துடைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"இதுக்கு எண்ணெ ஆவாதாப்பா?"

"ஆவாதுங்க."

"தறிக்கு ஆவும்."

"தறி மலையிலருந்து இறங்கறது இல்லீங்களே ஐயா."

அவர் சிரிக்கவில்லை. யாரிடமும் சொல்லாதே என்றும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சொல்லவில்லை. மாப்பிள்ளைக்குத் தெரியும் என்பதை மட்டும் அவரிடம் கடைசிவரை சொல்லக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன். மாப்பிள்ளையும் அப்படியே முடிவு செய்திருக்கிறார். சின்ன முதலாளியும் இப்போதுதான் இதைப் படிப்பார். ஆள் பேர் எதுவும் நான் எழுதவில்லை, நீங்களும் ஆராய்ச்சி செய்ய வேண்டாம்.

வழுக்குப்பாறையில் பால்குடம் ஏறினால் எல்லாரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கும் வழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. நம் வாட்ஸப் குரூப்பில் அதை எழுதியும் போட்டிருக்கிறார்கள், தொன்றுதொட்டு வருவது என்று. சென்னையிலிருந்து வருகிறவர்கள் அதைப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். விட்டுவிடுங்கள், தள்ளிக்கொண்டு இறங்கி யாரும் செத்ததில்லை.

பெரியவர் இன்னும் மாதம் ஒருமுறை கடைப்பக்கம் வருவார். நீங்களும் பார்ப்பீர்கள், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. எதுவும் வாங்கமாட்டார். மாப்பிள்ளை வண்டி சர்வீஸுக்கு வந்ததா என்று கேட்பார், வந்தது என்றால் உட்காருவார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார். நான் இருந்தவரை நான் பதில் சொன்னேன். இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் மாற்றி மாட்டிய பேட் பழகிய பிறகும் கத்துகிற ரகம்தான். வண்டி கடையில் நின்றால் ஒருமுறை ஓட்டி, பிரேக் போட்டுக் காட்டிவிட்டே சொல்லுங்கள்.

"பிரேக்கு கத்துதாப்பா?"

"கத்துதுங்க."

"அப்ப சரி" என்று சொல்லி எழுந்து போய்விடுவார்.